மல்லாட்டை இலைக்குள் இருந்தது

1

இந்த வெள்ளிக்கிழமையோடு நான் லண்டனுக்கு வந்து ஆறு வருஷம் முடிகிறது. வருஷா வருஷம் இந்த நாளில் கமலா பாயசம் வைப்பாள். நான் கப்பலில் வாந்தியெடுத்த கதையை ஆரம்பிப்பேன். எங்கள் பெண் பத்மா, ஒன்பது வயது, கேட்டுக் கேட்டுப் புளித்துப்போய் மாடிக்கு நழுவிவிடுவாள். இந்த வருஷம் பாயசம் வேண்டாமென்று சொல்லிவிட்டேன். ஏன் என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் உத்தியோகம். செஞ்சி பஜாரில் யாராவது "சுகுமாரு லண்டன்ல இன்னா பண்றான்?" என்று கேட்டால், "மியூசியத்துல பெரிய வேலை" என்று என் சொந்தக்காரர்கள் மார்தட்டுவதாகக் கேள்வி. செத்த பூச்சிகளுக்கு இறக்கை விரித்து வைக்கிறேன், அதுதான் அந்தப் பெரிய வேலை. அதிலும் பார்க்க லட்சணமான வண்ணத்துப்பூச்சிகளெல்லாம் சீனியர் ஆசாமிகளுக்கு. என் மேஜைக்கு வருவது அரிசியில் பாதிகூடத் தேறாத அந்துப்பூச்சிகள். தலைமயிரைவிடக் கொஞ்சமே தடித்த ஊசி, ஒரு பூதக்கண்ணாடி, மூச்சை அடக்கிக்கொண்டு வேலை. தும்மினால் ஒரு வாரத்து உழைப்பு போய்விடும். ஒரு தடவை தும்மியும் இருக்கிறேன்.

அந்தப் பூச்சிகளைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. இவற்றின் புழுக்கள் இலையின் மேலே வசிப்பதில்லை, இலைக்குள்ளே வசிக்கின்றன. நமக்கு ஓர் இலை ஒற்றைத் தாள் மாதிரிதான் தெரிகிறது. அதற்கு மேல்தோல் இருக்கிறது, கீழ்த்தோல் இருக்கிறது, நடுவில் பச்சைச் சதை இருக்கிறது. புழு அந்த நடுவில் புகுந்து, இரண்டு தோலையும் விட்டுவிட்டுச் சதையை மட்டும் தின்றுகொண்டே போகும். போன வழி வெளியே வெளுத்த கோடாகத் தெரியும். சிலது கோணல்மாணலாகப் போகும். சிலது ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றித் தின்று கொப்புளம் எழுப்பும். சிலது தன் எச்சத்தைக்கூட நடுவில் ஒரே வரிசையாகப் போட்டுக்கொண்டு போகும், அவ்வளவு ஒழுங்கு. கோட்டைப் பார்த்தே உள்ளே இருந்தது எது என்று பழகியவர்கள் சொல்லிவிடுவார்கள்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு மரம். ஓக் மரத்தில் இருப்பது ஆப்பிளுக்குப் போகாது, ஆப்பிளில் இருப்பது முள்செடிக்குப் போகாது. ஆஸ்திரேலியாவில் ஒரு வகை யூகலிப்டஸ் பட்டைக்குள் புகுந்து, பள்ளிக்கூடப் பிள்ளை பென்சிலால் கிறுக்கியது போல மரம் முழுக்கக் கோடு போட்டு வைத்திருக்கிறது. ஜப்பானிலிருந்து வருகிறது, பிரேசிலிலிருந்து வருகிறது, ஆப்பிரிக்காவிலிருந்து தீப்பெட்டியில் பஞ்சு வைத்து வருகிறது. பாதிக்கு இன்னும் பெயரே இல்லை. கண்ணாடிக்கு அடியில் வைத்தால் எள்ளளவு இறக்கையில் பொன்பட்டை, வெள்ளிப்பட்டை, செம்புப் புள்ளி. செஞ்சியில் நகை செய்கிற எந்தப் பத்தராலும் அப்படி ஒரு வேலை செய்ய முடியாது. முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அழகுக்காக மட்டும் வந்த தண்ணீர் இல்லை அது.

நான் ஜைனன். விளக்கில் பூச்சி விழுந்துவிடுமென்று பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிற வீட்டில் பிறந்தவன்.

2

போன மாதம் அண்ணனிடமிருந்து நீல ஏர் லெட்டர் வந்தது. அண்ணன் பெயர் தரணேந்திரன். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அப்பா, எங்கள் வீட்டுப் பேச்சில் நைனா, இறந்தபோது எனக்கு வயது ஒன்பது. காரியம் முடிந்த அன்று என் பள்ளிக்கூடத்தைப் பற்றி யாரோ இழுத்தார்கள். "அவன் படிக்கட்டும். மத்தத நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு அண்ணன் ஏரைக் கையில் பிடித்தார். மெட்ராஸில் காலேஜ் வரைக்கும் என்னைப் படிக்க வைத்தது அந்த ஏர்தான்.

அவர் பேசுகிற மாதிரியேதான் எழுதுவார். கடுதாசியில் இருந்ததை அப்படியே தருகிறேன். மல்லாட்டை என்று அவர் எழுதுவது நிலக்கடலை.

"தம்பிக்கு. இங்க எல்லாரும் சௌக்கியம். எனக்கு அம்பது ஆயிடுச்சி. மடத்துல சாமிகிட்ட விரதம் எடுத்துக்கலாம்னு இருக்கேன். மொத விரதம் இன்னான்னு உனக்கே தெரியும், தெரிஞ்சி ஒரு உசுரையும் கொல்லாம இருக்கறது. எடுத்துக்கறதுக்கு முன்னாடி பழசு ஏதாவது இருந்தா சொல்லிக் கழிச்சிடணும். வல்லத்துக்குப் புதுசா வந்திருக்கற விவசாய ஆபீசரு, நம்ம மல்லாட்டைல வர்றது நோய் இல்ல, சுருள் பூச்சின்னு மீட்டிங்ல சொல்றாரு. எனக்குக் கோவம் வந்துடுச்சி. எந்தம்பி லண்டன்ல பூச்சி ஆபீஸ்லயே இருக்கான், அவனுக்குத் தெரியாததான்னு கேட்டுட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. நீ ஒரு வரி எழுதினா போதும். நோய்னா நோய்னு எழுது. உன் வார்த்தைய வெச்சிக்கினு விரதம் எடுத்துக்கறேன்."

படித்துவிட்டு மடித்து வைத்தேன். மறுபடி எடுத்தேன். அன்றைக்கு ஆபீஸில் மூன்று பூச்சிகளின் இறக்கையை உடைத்தேன்.

3

அறுபத்திரண்டாம் வருஷம் ஆவணி. அப்போது நான் வல்லம் பிளாக் ஆபீஸில் கிராம சேவக். விதை, உரம், புது மருந்து எல்லாவற்றையும் விவசாயிகள் தலையில் எப்படியாவது கட்டிவிட வேண்டிய வேலை. பயிருக்குத் தூள் அடித்துக் காட்டும் செயல்விளக்கத்தை ஜைனர் ஒருவருடைய கொல்லையில், அதாவது புன்செயில், செய்துவிட்டால் மற்ற ஜைனர்களும் வழிக்கு வந்துவிடுவார்கள் என்பது என் மேலதிகாரியின் கணக்கு. ஒரு வருஷமாக வீடு வீடாக அலைந்தேன். மோர் கொடுத்தார்கள், சம்மதம் கொடுக்கவில்லை.

எங்கள் கொல்லை செஞ்சியிலிருந்து சிங்கவரம் போகிற வழியில். அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. மல்லாட்டைச் செடிகள் நெருப்பில் வாட்டியது போலச் சுருங்கிப் பழுப்பேறி நின்றன. அண்ணன் ஆள் அனுப்பினார். அவர் வருவதற்குள் நான் சைக்கிளில் போய்விட்டேன். ஓர் இலையைக் கிள்ளி நகத்தால் பிளந்தேன். உள்ளே பச்சையாக, கருத்த தலையோடு, அரிசி மூக்களவில் ஒரு புழு. வெளிச்சம் பட்டதும் நெளிந்தது. காலேஜில் படித்ததுதான், பெயர்கூட வாய்க்கு வந்துவிட்டது.

அண்ணன் வரப்பில் வந்து நின்றார். அவர் காரணமில்லாமல் ஒரு பச்சை இலையைக் கிள்ள மாட்டார். அதனால் ஓர் இலையைக்கூடப் பிளந்து பார்த்ததில்லை.

"இன்னாடா இது? தீஞ்ச மாதிரி இருக்குது. உள்ள ஏதாவது உசுரு இருக்குதா பாரு. நீதான் படிச்சவன்."

இலை என் உள்ளங்கையில் இருந்தது. கையை மூடிக்கொண்டேன்.

"ஒண்ணும் இல்லண்ணா. இது நோய்."

"நோயா?"

"இலையில வர்ற நோய். மனுஷனுக்கு அம்மை போடற மாதிரி."

"நடந்தா குட்டி குட்டியா பறக்குதே, சாம்பலாட்டம்?"

"அது சும்மா கொசு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

அவர் செடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏரு ஓட்டறப்ப சாவுது. அது நாம வேணும்னு பண்றது இல்ல. வேணும்னே மருந்து வெச்சா அது கொலைடா, தம்பி."

"நோய்க்கு மருந்து போடறது கொலையாண்ணா?"

"நீ சொன்னா சரி" என்றார்.

இதைப் பயிர் பிழைக்கட்டும் என்றுதான் சொன்னேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி உண்மை. மீதிப் பாதி, மேலதிகாரி என் தோளில் தட்டிக்கொடுக்க வேண்டும் என்ற அரிப்பு.

மறுநாள் செஞ்சி டிப்போவில் தூள் மூட்டை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நின்றோம். மூட்டையில் இங்கிலீஷ் எழுத்து, மண்டையோட்டுப் படம். "இன்னா எழுதியிருக்குது?" என்று கேட்டார். "பயிர்ப் பாதுகாப்பு மருந்து" என்று படித்தேன். இருந்தது பூச்சிக்கொல்லி. மண்டையோடு எதற்கு என்றார். பிள்ளைகள் வாயில் வைத்துவிடக்கூடாது, அதற்காக என்றேன். தலையாட்டிவிட்டு மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

ஜீப் வந்தது, தூள் அடித்துக் காட்டினோம், போட்டோ எடுத்தார்கள், அண்ணனுக்கு மாலை போட்டார்கள். அடுத்த நாள் விடியற்காலை அவருக்கு முன்னால் நான் கொல்லைக்குப் போனேன். ராஜகிரிக் கோட்டை மேல் அப்போதுதான் வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. பாத்தியெல்லாம் வெள்ளைத் தூள், அதன்மேல் சாம்பல் பொட்டுகளாக அந்துப்பூச்சிகள். சிலது இன்னும் துடித்தன. காலால் மண்ணைத் தள்ளித் தள்ளி மூடினேன். அண்ணன் வந்தபோது நெற்றியெல்லாம் வியர்வை. "இன்னாத்துக்குடா இந்த நேரத்துல?" என்றார். களை எடுத்தேன் என்றேன்.

பயிர் தேறிவிட்டது. அதுதான் கொடுமை. தேறாமல் போயிருந்தால் அத்தோடு விட்டிருப்பார். ஒவ்வொரு வருஷமும் அடித்தார். மற்ற ஜைன வீடுகளுக்கும் போய், இது நோய்தான், என் தம்பி பார்த்துச் சொன்னான் என்று அவரே எடுத்துச் சொன்னார். எனக்கு ஒரு நற்சான்றிதழ் கிடைத்தது: ஜைன விவசாயிகளைப் பயிர்ப் பாதுகாப்புக்கு இணங்கச் செய்தவர் என்று. இங்கே வந்து வேலை செய்ய அனுமதிக்கிற வவுச்சருக்கு விண்ணப்பம் போட்டபோது அதைத்தான் எல்லாவற்றுக்கும் மேலே குத்தி அனுப்பினேன். புறப்படும்போது அம்மாவை நினைத்துச் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நான் தயங்கினேன். அண்ணன் என் டிரங்குப் பெட்டியைப் பஸ் மேலே ஏற்றிவிட்டு இறங்கி, "நீ போ. மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார்.

4

இங்கே டிசம்பரில் நாலு மணிக்கெல்லாம் சூரியன் கடையைக் கட்டிவிடும். முதல் குளிர்காலத்தில் நான் பிஸ்கட் ஃபாக்டரியில் மூன்றரை மணி டீ இடைவேளையில் ராத்திரிச் சாப்பாட்டை முடித்துக்கொண்டேன். கூட வேலை செய்தவர்கள் நல்ல மனிதர்கள், எனக்கு வயிற்றில் ஏதோ வியாதி என்று நினைத்துப் பரிதாபப்பட்டார்கள். இரண்டாம் குளிர்காலத்தில், கரண்டு விளக்குதானே, கதவும் ஜன்னலும் அடைத்துத்தானே கிடக்கிறது, எந்தப் பூச்சி வந்து விழப்போகிறது என்று வாதம் பண்ணினேன். வாதத்தில் நானே ஜெயித்தேன், எதிர்த்துப் பேச ஆளில்லையே. மூன்றாவதில் வாதம்கூடத் தேவைப்படவில்லை.

மியூசியம் வேலைக்கு நாலு பக்கம் ஃபாரம். மதம் என்ற இடத்தில் எழுதியதைக் குமாஸ்தா இரண்டு தடவை படித்துவிட்டு 'இதர' என்பதில் கோடு போட்டார். கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி: உயிரினங்களைக் கொன்று பதப்படுத்துவதில் உங்களுக்கு ஆட்சேபம் உண்டா? இல்லை என்று எழுத எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அண்ணன் கடுதாசி வந்த வாரம் சனிக்கிழமை பத்மா பள்ளித்தோழி ஒருத்தியின் வீட்டுப் பிறந்தநாளுக்குப் போய்விட்டு வந்தாள். ஷூவைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் நின்றாள். வீட்டுக்குள் நான் அவளுக்கு நைனா, தெருவில் டாடி.

"நைனா, ஜெல்லி மாட்டோட இதுல பண்றாங்களாம்" என்றாள். எலும்பு என்ற சொல் வரவில்லை, முழங்கையைத் தட்டிக் காட்டினாள். "நீங்க பழம்னு சொன்னீங்க."

"ஆமா."

"உங்களுக்குத் தெரியாதா?"

பொய் நாக்கு நுனிவரை வந்தது. "தெரியும்" என்றேன்.

"அப்போ ஏன் சொல்லலை?"

"நீ ஆசையா சாப்ட்ட. எல்லாப் பசங்களும் சாப்ட்டாங்க. நீ மட்டும் தனியா நிக்க வேணாம்னு..."

"நான் கேட்டேன் இல்ல?" என்றாள். கத்தவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டாள். "கேட்டப்புறம் எப்படி அப்படிச் சொல்றது?"

அவள் தமிழ் தேய்ந்துபோகிறது, கோயில் தெரியாது, ஊர் தெரியாது என்று நானும் கமலாவும் எத்தனையோ நாள் புலம்பியிருக்கிறோம். எங்கள் வீட்டில் ஜைனத்துக்கு மிச்சமிருந்தது அவள் ஒருத்திதான் என்று அன்றைக்குப் பட்டது. வெட்கமாக இருந்தது.

5

திங்கட்கிழமை ஆபீஸில் இந்தியப் பெட்டிகள் இருக்கும் அலமாரியைத் திறந்தேன். இந்த வேலையில் சேர்ந்ததிலிருந்து வேண்டுமென்றே திறக்காத இழுப்பறை அது. இருந்தது. அதே சுருள் பூச்சி. சாம்பல் நிறம், இறக்கை ஓரத்தில் சின்னதாக வெளிறிய புள்ளி. பக்கத்தில் காய்ந்த மல்லாட்டை இலை. நாங்கள் பிறப்பதற்கு முன்பே யாரோ ஒருவர் நம் பக்கத்தில் பிடித்து அனுப்பியிருக்கிறார். லேபிளில் மெட்ராஸ் மாகாணம் என்று பழுப்பு மசியில் எழுதியிருந்தது. உலகத்துக்கே தெரிந்திருந்தது. தெரியாதவர் ஒருத்தர்தான், அவரும் என்னிடம் வந்துதான் கேட்டார்.

வீட்டுக்கு வந்து கமலாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் சப்பாத்தி தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"நோய்னே எழுதிடுங்க" என்றாள்.

"எப்படிடி?"

"பெரியவருக்கு அம்பது வயசு. ஏழு வருஷமா நோய்னு நெனச்சிதான் பண்ணாரு. தெரியாம பண்ணது அவர ஒட்டாது. இப்ப நீங்க எழுதினா ஏழு வருஷமும் ஒரே நாள்ல அவரு தலையில வந்து விழும். உங்க மனசுச் சுமை எறங்கறதுக்காக அவரு மேல ஏத்துவீங்களா?"

அவள் சொன்னதில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு கடுதாசி எழுதிக்கூடப் பார்த்தேன்: இலைச்சுருக்கத்துக்குப் பல காரணங்கள் இருக்கலாம், விஞ்ஞானிகளிடையே அபிப்பிராய பேதம் உண்டு, அது இது என்று. என் மேலதிகாரியே வெட்கப்பட்டிருப்பார், அப்படி ஒரு வழவழா கொழகொழா. கிழித்துப் போட்டேன். சாமி முன்னால் நின்று அவர் சொல்லப்போகிற முதல் வார்த்தை என் பொய்யாக இருக்கும். கேட்டப்புறம் எப்படி அப்படிச் சொல்வது?

கடைசியில் எழுதியது ஆறு வரி. அது பூச்சிதான் என்றும், அன்றைக்கு இலையைப் பிளந்து பார்த்தேன் என்றும், கையை மூடிக்கொண்டேன் என்றும், மூட்டையில் இருந்த எழுத்து என்ன என்றும், விடியற்காலையில் களை எடுக்கவில்லை என்றும் எழுதினேன். மன்னிப்புக் கேட்க ஒரு வரி மிச்சம் வைத்திருந்தேன். அதில் என்ன எழுதுவதென்று தெரியாமல் கையெழுத்தை மட்டும் போட்டேன்.

6

மூன்று வாரம் பதில் இல்லை. தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் நிற்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். நேற்று முன்தினம் வந்தது.

"தம்பிக்கு. உன் கடுதாசி வந்துச்சி. அம்மாவுக்குப் படிச்சிக் காட்டலை. இந்த வருஷம் விரதம் எடுத்துக்கலை, சாமிகிட்ட போயி சொல்லிட்டேன். மல்லாட்டை இனிமே போடறதில்லைன்னு முடிவு பண்ணியிருக்கேன். நம்ம பேச்சைக் கேட்டுத் தூள் அடிச்சது பதினோரு வீடு. எல்லா வீட்டுக்கும் போயி சொல்லிட்டு வந்தேன். நீ சொன்னதா சொல்லலை. நான்தான் சரியா பாக்காம நோய்னு சொல்லிட்டேன்னு சொன்னேன். சில பேரு பேசினாங்க, பேசத்தான் செய்வாங்க. ஒரு விஷயம் எழுது. ஒரு செடில எத்தனை உசுரு இருக்கும்? உனக்குத் தெரியும். அதுக்குத் தகுந்த மாதிரி உபவாசம் இருக்கணும். மத்தத நான் பாத்துக்கறேன். குழந்தைய கேட்டதா சொல்லு."

ஒரு திட்டு இல்லை. திட்டியிருந்தால் பாயசம் குடித்திருப்பேன்.

ஒரு செடியில் எத்தனை இருக்கும் என்று எனக்குத் தெரியும். சொல்லப்போவதில்லை. அந்த உபவாசம் அவருடையது இல்லை. இந்த வாரம் பொழுது சாய்வதற்குள் சாப்பிட ஆரம்பித்திருக்கிறேன். அது ஒரு பரிகாரமா என்று கேட்டால் இல்லை. நான் இருக்கிற வேலைக்கு அது சிரிப்பாகத்தான் இருக்கும்.

பதினோரு ஏர் லெட்டர் வாங்கி வைத்திருக்கிறேன். பதினோரு வீட்டுப் பெயரும் ஞாபகம் இருக்கிறது, அவர்கள் கொடுத்த மோர்கூட ஞாபகம் இருக்கிறது. ஆனால் அண்ணனைப் பழித்துப் பேசியவர்கள் அந்தப் பதினோரு வீட்டோடு நிறுத்தியிருக்க மாட்டார்கள், செஞ்சியை எனக்குத் தெரியும். இந்தப் பத்திரிகை செஞ்சி லைப்ரரிக்கு வருகிறது. பஜாரில் சலூனிலும் ஒன்று கிடக்கும். அதனால்தான் இதை உங்களுக்கு எழுதினேன்.

சரியாகப் பார்க்காதவர் என் அண்ணன் தரணேந்திரன் இல்லை. இலையைப் பிளந்தது நான். உள்ளே புழு உயிரோடு இருந்தது. நான் பார்த்தேன்.